தண்ணீரில் இருந்தே இழுத்து இறக்கும் ஏணி: எங்கள் குட்டைப் படகுத்துறையில் மாட்டிய கதை

கோத்தகிரிக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தின் அடியில் ஒரு குட்டை இருக்கிறது. சதுப்பாகக் கிடந்த இடத்தை அப்பா வெட்டி, கரை கட்டி, தண்ணீர் தேக்கினார். கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் அதில் இருந்துதான் பம்ப் ஓடுகிறது. பம்ப் குழாயின் அடி நுனியில் இருக்கும் ஃபுட் வால்வில் பாசி அடைத்தால் போய் எடுப்பதற்கு ஒரு ஃபைபர் துடுப்புப் படகு உண்டு. படகைக் கட்ட அப்பா போட்ட மர மேடைதான் எங்கள் படகுத்துறை. 4 இன்ச் ஜி.ஐ. பைப்புக்குள் கான்கிரீட் ஊற்றி நட்ட ஆறு கால்கள், மேலே மேட்டுப்பாளையத்தில் வாங்கிய வேங்கைச் சட்டம், அதன்மேல் பலகை. கரையில் இருந்து 14 அடி நீருக்குள் நீளும்.

போன டிசம்பரில் ஒரு காலை, ஏழு மணி இருக்கும். புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. அக்கா மகன் படகில் கால் வைத்தான், படகு நழுவியது, மேடைக்கும் படகுக்கும் நடுவில் விழுந்தான். ஸ்வெட்டர், ஜீன்ஸ், கம்பூட். வயது 26. கோயம்புத்தூரில் நீச்சல் குளத்துக்குப் பல வருடம் போனவன், நன்றாக நீந்துவான். அதனால் முதலில் நான் பயப்படவே இல்லை. அவனே ஏறிவிடுவான் என்று நின்றேன்.

அவனால் ஏற முடியவில்லை. குட்டை நிறைந்திருந்தது, பலகை நீருக்கு 2 அடிக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில்தான். இரண்டு கையாலும் பலகை விளிம்பைப் பிடித்து எம்பினான். எம்பும்போதெல்லாம் கால் இரண்டும் மேடைக்கு அடியில் போய்விட்டன. சுவர் இருந்தால் காலை ஊன்றலாம். கீழே வெறும் தண்ணீர், எதில் ஊன்றுவது? மூன்றாவது முறை எம்பும்போதே விரல் நழுவியது. நான் குப்புறப் படுத்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன். நனைந்த ஸ்வெட்டரோடு அவனை ஒரே ஆளாகத் தூக்க முடியவில்லை. கடைசியில் நான் மேடைமேல் நகர, அவன் மேடைக் கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு கரைப்பக்கம் வந்தான். அங்கே சேறும் கோரையும். இரண்டு தொழிலாளிகள் ஓடிவந்து இழுத்துப் போட்டார்கள். விழுந்ததில் இருந்து ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் போர்வை சுற்றி உட்காரவைத்தபோது, “கை இருக்கறதே தெரியல மாமா” என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் இருந்துதான் இந்த ஏணி வேலை தொடங்கியது.

மறுநாள் அதே நேரத்துக்குத் தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தேன். 12 டிகிரி. குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு என்ன ஆகும் என்று தேடிப் படித்தேன். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் மூன்று எண்களில் சொல்கிறார்: 1, 10, 1. மூச்சு அடங்க 1 நிமிடம், கையும் விரலும் உருப்படியாக வேலை செய்ய 10 நிமிடம், உடம்பு முழுக்கக் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். பனிக்கட்டி மிதக்கும் நீருக்குச் சொன்ன கணக்கு அது. நம் மலையில் நீர் அவ்வளவு குளிராது. ஆனாலும் நடக்கும் வரிசை அதேதான்: முதலில் போவது கை. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். நீச்சல் தெரிந்தவனைக்கூட மேடையின் ஓரத்திலேயே அது நிறுத்திவைத்துவிடும்.

சரி, ஒரு ஏணி வைத்தால் போதுமே என்று யாருக்கும் தோன்றும். அப்பா காலத்தில் ஒரு மர ஏணியை நிரந்தரமாக இறக்கிவைத்திருந்தார்கள். ஒரே வருடத்தில் நீருக்குள் இருந்த படியெல்லாம் பச்சைப் பாசி பிடித்து, கால் வைத்தால் வழுக்கியது. அக்டோபர், நவம்பர் மழையில் மேலிருந்து சீகைக் கிளையும் குப்பையும் அடித்து வந்து அதில்தான் மாட்டும். படகு இடித்து இடித்து ஒரு பக்கம் உடைந்தது, கழற்றிப் போட்டுவிட்டார்கள். வேண்டாதபோது நீருக்கு மேலே தூக்கிவைக்கிற ஏணி என்றால் படி காய்ந்திருக்கும், பாசி நிற்காது, குப்பை மாட்டாது. அதனால்தான் தூக்கி இறக்கும் வகையைத் தேடினேன்.

தேடியபோது தெரிந்தது, இதில் பல வகை. கீல் வைத்து மேல்பக்கம் மடக்குவது ஒன்று. வானொலிக் கம்பி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று நுழைவது ஒன்று. பலகைக்கு அடியில் தள்ளிவைத்து, வேண்டும்போது உருவுவது இன்னொன்று. நேராக மேலும் கீழும் வழுக்கி ஓடுவது மற்றொன்று. ஒவ்வொன்றையும் படத்தில் பார்க்கும்போது நன்றாகத்தான் இருந்தது. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியை வைத்தேன்: மேடையில் யாரும் இல்லை, விழுந்தவன் தனியாக நீரில் இருக்கிறான், விரல் மரத்துவிட்டது. அவனால் இதை இறக்க முடியுமா?

இந்தக் கேள்வியில் பாதி கழிந்தது. மடக்கு ஏணியைப் பலகைமேல் படுக்கவைத்தால் பார்க்க அழகு, ஆனால் கீழே இருந்து கயிற்றை இழுத்தால் அது எழாது. பலகை விளிம்பில் கயிறு மடங்கி வெறுமனே உராயும். நிமிர்த்தி நிற்கவைத்தால் இழுக்கலாம், ஆனால் 8 அடி ஏணி அரைவட்டம் சுற்றி இழுத்தவன் தலையிலேயே விழும். ஆடி மாதக் காற்றில் அதை நிமிர்த்தி வைப்பதும் சரிவராது. நுழைவு ஏணியின் பூட்டுக் குமிழ்களில் சேற்றுத் தண்ணீர் புகுந்தால் சிக்கும். படகின் பின்புறம் மாட்ட வரும் சின்ன நுழைவு ஏணி நல்ல பொருள்தான், ஆனால் மூன்று நான்கு படிதான், எங்கள் ஆழத்துக்கு எட்டாது. வீட்டுக்கு வாங்கும் அலுமினிய நுழைவு ஏணியைத் தயவுசெய்து யாரும் தண்ணீருக்குள் இறக்காதீர்கள். அது காய்ந்த தரையில் சாய்க்கச் செய்தது.

கோயம்புத்தூரில் நீச்சல் குளத்து எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஏணி எளிதாகக் கிடைக்கிறது. அதைத்தான் பலர் சொன்னார்கள். அது நீர்மட்டம் மாறாத இடத்துக்குச் சரி. எங்கள் குட்டை அப்படி இல்லை. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. டிசம்பரில் நிறைந்திருக்கும் நீர், பம்ப் ஓட ஓட, ஏப்ரலில் 4 அடி இறங்கிவிடும். அதாவது பலகையில் இருந்து நீர் டிசம்பரில் 2 அடியில், ஏப்ரலில் 6 அடியில். ஊட்டி பக்கத்துப் பைக்காராவில் தண்ணீரைத் திறந்துவிட்டு 1932-இல் இருந்து மின்சாரம் எடுக்கிறார்கள், அங்கே படகு வைத்திருப்பவர்களுக்கு மட்டம் ஏறி இறங்குவது பழகிய விஷயம். எங்கள் குட்டை அதில் ஒரு துளி, ஆனால் ஏணிக்கு வந்த சிக்கல் அதேதான்.

நீருக்குள் எவ்வளவு போகவேண்டும் என்பதற்கும் ஒரு அளவு தேவைப்பட்டது. படகுகளுக்கான அமெரிக்கத் தரவிதியில் கடைசிப் படி நீர்மட்டத்துக்குக் குறைந்தது 22 அங்குலம் கீழே இருக்கவேண்டும் என்று இருக்கிறது. நீரில் மிதப்பவன் முழங்காலை மடக்கி முதல் படியில் பாதம் வைக்க அந்த ஆழம் வேண்டும். ஒரே ஒரு படி நீருக்குள் இருந்தால் காலை இடுப்புவரை தூக்கவேண்டும், நனைந்த ஜீன்ஸில் அது நடக்காது. ஆக டிசம்பருக்குப் பலகையில் இருந்து நாலு அடி போதும், ஏப்ரலுக்கு 8 அடி வேண்டும். ஒரே நீளத்தில் செய்தால் நிறைந்த காலத்தில் மேலே கம்பமாக நிற்கும்.

இதற்கு வழி கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர்களின் இழுவை ஏணியைப் பார்த்தபோது கிடைத்தது. ஒரு துண்டு நிலையாக நிற்கிறது, இன்னொரு துண்டு அதன்மேல் ஓடுகிறது. அதைத் தலைகீழாக்கினால்? மேல் துண்டு மேடையோடு நிரந்தரம்: பலகைக்கு 1 அடி கீழே ஒரு படி, 2 அடி கீழே ஒரு படி. இவை இரண்டும் நிறைந்த நீருக்கும் மேலே, அதனால் எப்போதும் காய்ந்தே இருக்கும். ஓடும் துண்டு 6 அடி, ஆறு படி. டிசம்பரில் அது 5 அடி ஆழம்வரை இறங்கும், ஏப்ரலில் 8 அடிவரை. தூக்கிவைத்தால் அடி நுனி நீரைத் தொடாது, மேல்பக்கம் பலகைக்கு மேல் 4 அடி எழுந்து, ஏணி வாயை ஒரு கேட் மாதிரி அடைத்து நிற்கும். சின்னப் பிள்ளைகள் ஓடிவந்தாலும் அங்கே தடுப்பு. இது நான் நினைத்துச் செய்ததில்லை, தானாக வந்த நன்மை.

எதில் செய்வது என்பதில் வெல்டர் அண்ணனுக்கும் எனக்கும் ஒரு வாரம் பேச்சு நடந்தது. அவருக்கு எஸ்.எஸ். மேல்தான் நம்பிக்கை. “தம்பி, அலுமினியம் மலையில யாரும் வெல்டிங் பண்ண மாட்டாங்க, நாளைக்கு உடைஞ்சா எங்க போவீங்க?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அலுமினியத்துக்கு ஏ.சி. கரண்டில் ஓடும் ஆர்கான் மிஷின் வேண்டும், கையும் பழகியிருக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் அந்த இடத்தின் பலமும் கணிசமாகக் குறையும். ஆனால் எனக்கு எடைதான் முக்கியம். எங்கள் அம்மாவுக்கு 68 வயது. அவரும் ஒரு கையால் தூக்கி மாட்டினால்தான் ஏணி நாள்தோறும் மேலே போகும். இல்லையென்றால் பழையபடி நீரிலேயே கிடந்து பாசி பிடிக்கும். கணக்குப் போட்டால் 38 மி.மீ. அலுமினியக் குழாய், 3 மி.மீ. கனம், ஓடும் துண்டு சுமார் 6 கிலோ. எஸ்.எஸ்.-இல் அதே பலத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. கடைசியில் இப்படி முடிவாயிற்று: நிலையான துண்டும் கைப்பிடியும் 304 ரக எஸ்.எஸ்., அதை வெல்டர் அண்ணனே செய்வார். ஓடும் துண்டு அலுமினியம், அதைக் கோயம்புத்தூரில் செய்துவரவேண்டும்.

படியை உருண்டைக் குழாயில் வைக்கவேண்டாம் என்று இரண்டு இடத்திலும் அழுத்திச் சொன்னேன். வெறுங்காலில் ஏறிப் பார்த்தால் தெரியும், குழாய் பாதத்தை அறுக்கும். 3 அங்குல அகலத்தில் தட்டையான தகடு, நடுவில் துளைகள், விளிம்பு மேலே லேசாகச் சுருண்டது. படிக்குப் படி 1 அடி. அகலம் 16 அங்குலம். ஏணிக்கும் மேடைக் காலுக்கும் நடுவே 6 அங்குலம் இடைவெளி, இல்லாவிட்டால் முன்பாதம் நுழையாது. கைப்பிடி பலகைக்கு மேல் 3 அடி. மேல் படியில் இருந்து பலகைக்கு வரும் அந்த ஒரு அடிதான் ஏறுவதிலேயே கடினம். பிடிக்க ஒன்றும் இல்லையென்றால் அங்கேதான் திரும்ப விழுவோம்.

அலுமினியத் துண்டு வந்ததும் குட்டையில் போட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய மிதந்தது. குழாய் இரண்டு முனையும் அடைத்து வெல்டிங் செய்திருந்தார்கள், உள்ளே காற்று. இறங்கவேண்டிய ஏணி மிதந்தால் என்ன பயன்? அடியில் 8 மி.மீ. துளை இரண்டு, மேலே காற்று வெளியேற இரண்டு. இப்போது நீர் உள்ளே ஏற ஏற நிதானமாக அமிழ்கிறது. தூக்கும்போது துளைவழி வடிந்துவிடுகிறது. வாங்கிய ஏணியாக இருந்தாலும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் கடைசியில் நீர் மிகவும் இறங்கியதும் மாட்டினோம். இந்த வேலைக்கு அந்த ஒரு மாதம்தான். ஓடும் துண்டைப் பிடிக்கும் கவ்விகள் மூன்று மட்டத்தில்: பலகை மட்டத்தில் ஒரு ஜோடி, 2 அடி கீழே ஒரு ஜோடி, 4 அடி கீழே ஒரு ஜோடி. கடைசி ஜோடி டிசம்பரில் நீருக்குள் இருக்கும், ஏப்ரலில்தான் கைக்கு எட்டும். இரண்டு மேடைக் கால்களுக்குக் குறுக்கே ஜி.ஐ. பைப்பை யூ கிளாம்ப் போட்டு இறுக்கி, அதில் இந்தக் கீழ்க் கவ்வியை மாட்டினோம். இதை விட்டுவிடாதீர்கள். ஏணி மேலே மட்டும் மாட்டி அடியில் தொங்கினால், ஏறுபவர் காலால் உந்தும்போது அது மேடைக்கு அடியில் சாயும், ஆள் முதுகுப்பக்கம் தொங்குவார். அக்கா மகனின் கால் போன அதே திசையில் ஏணியும் போகும்.

கவ்விகளுக்கு நடுவே ஏன் 2 அடி என்றால், மேசை டிராயரை நினைத்துக்கொள்ளுங்கள். அகலமான, ஆழம் குறைந்த டிராயரை ஒரு பக்கம் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு சிக்கும். ஏணியும் அப்படித்தான். 16 அங்குல அகலத்துக்கு 24 அங்குலம் பிடிமானம் கொடுத்தால், ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலும் கோணாமல் ஓடுகிறது. முதலில் 12 அங்குலத்தில் வைத்துப் பார்த்து, சிக்கிய பிறகே இதைக் கண்டுகொண்டோம்.

மரத்தில் மாட்டும் எல்லாமே ஊடுருவும் போல்ட். மர ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். ஏணியில் எடை வரும்போது அது கீழே மட்டும் இழுப்பதில்லை, வெளிப்பக்கமும் பிடுங்கும். நனைந்து காய்ந்து நனையும் மரத்தில் ஸ்க்ரூ மெதுவாக வெளியே வரும். 12 மி.மீ. போல்ட், பின்பக்கம் உள்ளங்கை அளவு தகடு, தானாகத் தளராத நைலாக் நட். எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டைக் காய்ந்தபடி வேகமாக முடுக்கினால் பாதியில் இறுகிக்கொள்ளும், பிறகு வெட்டித்தான் எடுக்கவேண்டும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, கையால் நிதானமாக முடுக்கினோம்.

போல்ட் விஷயத்தில் ஒரு நஷ்டம். ஒரு கடையில் 304 என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி வாங்கினேன். ஜூன் மழை முடிவதற்குள் தலையெல்லாம் செம்பழுப்பாகிவிட்டது. அது 202 ரகம். காந்தம் வைத்துப் பார்த்தேனே என்று நினைத்தேன், ஆனால் 202-உம் காந்தத்தில் ஒட்டாது, 304-உம் ஒட்டாது. சொட்டுத் திரவம் வைத்து பேட்டரியைத் தொட்டு நிறம் பார்க்கும் சோதனை இருக்கிறது, சின்ன டப்பாவில் விற்கிறார்கள். இப்போது அது இல்லாமல் எஸ்.எஸ். வாங்குவதில்லை. பதினாறு போல்ட்டையும் ஒவ்வொன்றாக மாற்றினேன்.

அலுமினியம் எஸ்.எஸ்.-ஐத் தொடும் இடத்திலும், தாமிர மருந்து ஏற்றிய மரத்தைத் தொடும் இடத்திலும், ஈரக் கான்கிரீட்டைத் தொடும் இடத்திலும் அரிக்கும். அதனால் நடுவே பிளாஸ்டிக் இருக்கவேண்டும். கவ்விக்குள் வழுக்கி ஓடுவதற்கும் பிளாஸ்டிக்தான் தேவை. இதற்கு நைலான் கட்டை வாங்கி, லேத்தில் 40 மி.மீ. துளை போட்டு, படி கடந்துபோகும் பக்கம் திறந்துவிட்டு, எஸ்.எஸ். கவ்விக்குள் இறுக்கி அடித்தோம். 38 குழாய்க்கு 40 துளை, வெண்ணெய் மாதிரி ஓடியது. மே மாதம் முழுக்க எல்லோருக்கும் காட்டினேன்.

ஜூன் கடைசியில் ஏணி நின்றுவிட்டது. தூக்கவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. மேடை சாய்ந்துவிட்டதோ என்று மட்டம் வைத்துப் பார்த்தேன், கவ்விகளைத் தளர்த்திப் பார்த்தேன், இரண்டு நாள் போனது. கழற்றி அளந்தபோதுதான் புரிந்தது. நைலான் தண்ணீரைக் குடிக்கும். குடித்தால் உப்பும். வெளியே எஸ்.எஸ். கவ்வி இறுக்கிப் பிடித்திருந்ததால் வெளிப்பக்கம் போக வழியில்லை, துளைப்பக்கமாக உப்பிக் குழாயைக் கவ்விக்கொண்டது. அக்கா மகன் அந்த வாரம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைப் புரட்டியது. கண்ணுக்கு முன்னால் ஏணி இருந்தும் இறங்காமல் நின்றிருக்கும்.

தண்ணீர் குடிக்காத பிளாஸ்டிக் எது என்றால் பாலிஎத்திலீன். காய்கறி நறுக்கும் கனமான வெள்ளைப் பலகை அதுதான். குன்னூரில் பாத்திரக் கடையில் 20 மி.மீ. கனத்தில் இரண்டு பலகை வாங்கி, வாளால் அறுத்து, ஹோல் சாவில் துளை போட்டு மாற்றினேன். இந்த முறை ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மாதம் ஊறப்போட்டு அளந்து, மாறவில்லை என்று பார்த்த பிறகே மாட்டினேன். அந்த ஒரு மாதம் ஏணியைக் கீழே இறக்கியே வைத்திருந்தோம். பாசி பிடித்தால் பிடிக்கட்டும் என்று விட்டேன்.

இனி கொண்டி. இந்த வேலை முழுவதிலும் நான் அதிகம் யோசித்தது இதைத்தான்.

முதலில் வைத்தது ஒரு பின். தூக்கிய ஏணிப் படிக்கு அடியில் 12 மி.மீ. கம்பி குறுக்கே நுழையும், அதன் வளையத்தில் கயிறு. மேலே நின்று இழுத்தால் சுலபம். ஆகஸ்டில் ஒரு காலை நானே லைஃப் ஜாக்கெட் போட்டு, ஸ்வெட்டரோடு இறங்கினேன். மேடையில் மூன்று பேர் நின்றார்கள். ஐந்து நிமிடம் நீரில் இருந்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். பின் அசையவில்லை. ஏணியின் எடை முழுக்க அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, நானோ கீழே இருந்து இழுக்கிறேன், அது பக்கவாட்டில் உருவவேண்டும். என் பலம் முழுக்கப் பின்னை வளைப்பதில் போனது. இன்னொன்றும் தெரிந்தது: விரலை மடக்கிக் கயிற்றைப் பிடிக்கவே முடியவில்லை. ஈரக் கயிறு கைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. மேடையில் காய்ந்த கையோடு நின்று செய்த சோதனை எதுவும் சோதனையே இல்லை.

இப்போது இருப்பது தூக்குக் கொண்டி. எஸ்.எஸ். தகட்டில் வெட்டிய எல் வடிவம், மேல் மூலையில் ஒரு அச்சு. குட்டையான கை படிக்கு அடியில் தாங்கும், நீளமான கையின் நுனியில் கயிறு. படியின் எடை அச்சுக்கு நேர் கீழே இறங்கும்படி வைத்தால், எடை எவ்வளவு இருந்தாலும் கொண்டியைச் சுழற்றுவது லேசு. நீளக் கை 10 அங்குலம். கயிற்றைக் கீழே இழுத்தால் போதும், கொண்டி விலகும், ஏணி தானாக இறங்கும். ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்துப் பார்த்தேன், 2 கிலோவுக்குக் கீழேயே விடுகிறது.

கயிறு மஞ்சள் பாலிப்ரொப்பிலீன், மிதக்கும். நுனியில் முடிச்சு இல்லை, ஒரு பெரிய வளையம், அதைத் தோட்டத்துக் குழாய்த் துண்டுக்குள் நுழைத்திருக்கிறேன். விரல் மடங்காவிட்டாலும் முழங்கைவரை உள்ளே விட்டு, உடம்பு எடையைப் போட்டால் போதும். வளையம் ஏணிக்கு நேர் கீழே தொங்கவில்லை, இரண்டடி பக்கவாட்டில் ஒரு சின்னக் கப்பி வழியாக வருகிறது. இழுப்பவன் தலைக்கு மேல் 6 கிலோ இறங்கக்கூடாது. மலையில் வெயிலின் புற ஊதா அதிகம், இந்தக் கயிறு நார் நாராக உதிரும். அதனால் வருடம் ஒரு முறை பார்க்காமல் மாற்றிவிடுவேன்.

இறங்கும் ஏணி எங்கே நிற்கவேண்டும் என்பதற்கு ஓடும் துண்டில் இரண்டு ஓட்டைகள், அதில் குறுக்குப் பின். பின் கவ்வியின்மேல் வந்து உட்காரும். இரண்டு ஓட்டை, மேல் இரண்டு மட்டக் கவ்வி, சேர்த்தால் நான்கு நிலை, ஒவ்வொன்றுக்கும் 1 அடி வித்தியாசம். அடிக்கும் இடத்தில் பழைய லாரி டயரில் வெட்டிய ரப்பர். கவ்விப் பக்கம் விரல் நசுங்காமல் இருக்க, தூக்கிப் பிடிக்க வேண்டிய படிக்கு மட்டும் சிவப்புப் பெயிண்ட்.

பலம் பார்க்க 50 கிலோ பொட்டாஷ் மூட்டை மூன்றைக் கடைசிப் படியில் கட்டித் தொங்கவிட்டு ஒரு இரவு விட்டோம். காலையில் போல்ட் எதுவும் தளரவில்லை. வெல்டர் அண்ணன் தானாக வந்து இரண்டு முறை ஏறி இறங்கினார், ஒன்றும் சொல்லாமல் கைப்பிடியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார். செலவு, மாற்றிய போல்ட்டும் வீணான நைலானும் சேர்த்து, 14,000 ரூபாயைத் தொட்டது. வெளிநாட்டில் இருந்து தயாராக வரவழைத்திருந்தால் இதைப்போல மூன்று மடங்கு ஆகியிருக்கும், எங்கள் மட்டத்துக்கு அப்படியே பொருந்தியிருக்கவும் செய்யாது.

இந்த டிசம்பரில் குட்டை மீண்டும் நிறைந்தது. இரண்டாவது ஞாயிறு காலை, தெர்மாமீட்டரில் 13 டிகிரி, அக்கா மகன் தானே கேட்டு இறங்கினான். லைஃப் ஜாக்கெட் மேலே, உள்ளே அதே ஸ்வெட்டர். படகில் இருவர் தயாராக இருந்தோம். எட்டு நிமிடம் நீரில் இருக்கவிட்டு, “இப்போ ஏறு” என்றேன். வளையத்துக்குள் முழங்கையை விட்டான், சாய்ந்தான், ஏணி இறங்கியது. காலால் துழாவி இரண்டாவது படியைத் தேடி, நின்று மூச்சு வாங்கி, கைப்பிடியைக் கையால் பிடிக்காமல் முழங்கையால் கோத்துக்கொண்டு மேலே வந்தான். நாற்பது விநாடி. பலகைமேல் உட்கார்ந்ததும், “மாமா, கைப்பிடியில இன்னும் ஒரு குறுக்குக் கம்பி இருந்தா நல்லா இருக்கும், முழங்கை சறுக்குது” என்றான். அது சரிதான். அடுத்த வாரம் வெல்டர் அண்ணன் வருகிறார், பலகைக்கு ஒன்றரை அடி மேலே ஒரு கம்பி வைக்கப் போகிறோம்.

தோட்டத்துக்குப் புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதல் நாளே மேடைக்குக் கூட்டிப்போய், குப்புறப் படுக்கவைத்து, அந்த வளையத்தை ஒரு முறை இழுக்கச் சொல்கிறேன். படகில் ஏறும் முன் லைஃப் ஜாக்கெட் என்பதும் அன்றே சொல்லப்படுகிறது. அம்மா சாயங்காலம் நடக்கப் போகும்போது ஏணி மேலே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சிவப்புப் படியைப் பிடித்துத் தூக்கிக் கொண்டியில் மாட்டிவிட்டு வருகிறார். பிப்ரவரியில் பம்ப் ஓடத் தொடங்கியதும் பின்னை ஒரு ஓட்டை மாற்றவேண்டும். அந்தத் தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.